யாரும் தங்குவதில்லை

பிப்ரவரி 4, ஞாயிறு

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. முதல் பக்கத்தில் நாங்கள் தயாரிக்கும் பேனல் போர்டின் படம். அதன் அடியில் 'பாதுகாப்பே முதல்'. ஒரு மாதமாக மேசையில் தூசி தின்றுகொண்டிருந்தது. இனி அப்பாவின் தோட்டத்துக்கு. தேதி, வேலை, முடிந்ததா இல்லையா, அவ்வளவுதான் எழுதுவேன்.

அப்பா நூல் மில்லில் மேனேஜராக இருந்தவர். ஓய்வு பெற்றதும், உடுமலைக்கு மேற்கே ஒரு ஏக்கர் இருபது சென்ட் வாங்கினார். அதற்குப் பிறகு தன்னை விவசாயி என்று சொல்லிக்கொள்கிறார். சனிக்கிழமை காலை கோவையிலிருந்து காரில் போவார், தொப்பி போடுவார், ஒரு வெண்டைக்காயை மூன்று கோணத்தில் படம் எடுத்து மில் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். நாற்பது பேர் கைகூப்புவார்கள். ஞாயிறு மாலை திரும்பிவிடுவார்.

வெண்டைக்காயை விளைவிப்பவர்கள் ஆறுச்சாமியண்ணனும் அவர் மனைவி மயிலாக்காவும். தோட்ட வீட்டின் மாடியில் எங்களுக்கு ஏசி ரூம். கீழே கிணற்றையொட்டி மோட்டார் ரூம், அதன் பின்னால் சிமெண்ட் ஷீட் வேய்ந்த ஒற்றை அறை. அந்த அறையில் அவர்கள் மூன்று வருடமாகக் குடியிருக்கிறார்கள்.

போன மாதம் காற்றில் பக்கத்துத் தோட்டத்துக் கோழிப்பண்ணைக் கூரை பறந்து எங்கள் வேலியில் விழுந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு இன்சூரன்ஸ் ஜுரம். "நீதான் இஞ்சினியராச்சே, நீயே பாத்து எடு" என்று சொல்லிவிட்டார். நான் எலெக்ட்ரிக்கல். பரவாயில்லை, விண்ணப்பப் பாரம் நிரப்புவதற்கு டிகிரி எதற்கு.

வேலை: இன்சூரன்ஸ் எடுப்பது. நிலை: தொடங்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஏஜென்ட் சுகந்தி மேடம் ஸ்கூட்டரில் வந்தார். கைப்பையில் ஒன்பது வகைப் பாரம், எங்களுக்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை.

"குடியிருக்கற வீடுன்னா இந்தப் பாரம் சார். விவசாயம்னா இந்தப் பாரம். நீங்க ரெண்டுங்கறீங்க."

"ரெண்டும்தாங்க. மாடில தங்கறோம், கீழ விவசாயம் பண்றோம்."

"தங்கறதுன்னா, தெனமுங்களா?"

"வாரத்துக்கு ரெண்டு நாள்."

"அப்ப அஞ்சு நாளு ஆளில்லாத வீடு. அதுக்கு வேற ரேட்டு சார்."

அப்பா கோழிகளையும் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கோழி, எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். கால்நடைக்குக் காதில் வில்லை மாட்டினால்தான் இன்சூரன்ஸ் என்றார் சுகந்தி மேடம். "கோழிக்குக் காது எங்கம்மா இருக்குது?" என்று அப்பா கோபித்துக்கொண்டார். மேடம் யோசித்துவிட்டு, "அதனாலதான் சார் கோழிய எடுக்கறதில்ல" என்றார். இருவரும் முழு மனதோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அரை நாள் போயிற்று.

தண்ணீர் கட்டிவிட்டு வந்த ஆறுச்சாமியண்ணன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பிங், இதுல எங்க சாமானும் சேருமுங்களா? பெருசா ஒண்ணுமில்லைங். அவ தையல் மிசினு, ஒரு பீரோ."

நான் பதில் சொல்லும் முன் அப்பா, "மொதல்ல கட்டடத்துக்கு ஆகட்டும் ஆறுச்சாமி, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

அவர் போனதும் குரலைத் தாழ்த்தினார். "டேய் தரணி, குடியிருக்கறது யாருன்னு ஒரு கேள்வி இருக்குது பாரு. அதுல இவங்க பேர எழுதீறாத. இன்னைக்கு இதுல பேரு வரும். அதக் காட்டி ரேஷன் கார்டு வாங்குவாங்க. அப்பறம் கரண்ட் கார்டு. அப்பறம் கோர்ட்டு. எந்திரிக்கவே மாட்டாங்க."

பயம் அவருடையது மட்டுமல்ல, தோட்டம் வைத்திருக்கும் கோவைக்காரர்கள் எல்லோருக்கும் பொது. அதனால்தான் அந்த அறைக்குக் கதவு எண் இல்லை. கதவு எண் இல்லாததால் கேஸ் இணைப்பு இல்லை. கேஸ் இல்லாததால் மயிலாக்கா விறகடுப்பு எரிக்கிறார். ஒரு சர்க்யூட் மாதிரி, எங்கே தொட்டாலும் அதே இடத்துக்கு வருகிறது.

எழுதினேன்: யாரும் தங்குவதில்லை. கீழ் அறை: சாமான் அறை.

பிப்ரவரி 18, ஞாயிறு

படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். சிக்கல்: வீட்டு மீட்டரிலிருந்து அந்த அறைக்கு ஒரு வயர் வெளிப்படையாகத் தொங்குகிறது. சாமான் அறைக்கு ஃபேனும் டிவியும் எதற்கு என்று எவனாவது கேட்பான்.

அப்பாவின் யோசனை: அந்த வயரைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் ரூம் வழியாக உள்ளுக்குள்ளேயே இழுத்துவிடுவது. மோட்டாருக்கு வருவது இலவச விவசாயக் கரண்ட். அதில் வீட்டு விளக்கு எரிக்கக் கூடாது. சொன்னேன். "நீ புஸ்தகத்த மூடு" என்றார்.

வேலை தெரியாத மிஸ்திரியை விட்டால் இரண்டு நாள் இழுப்பான். நானே செய்தேன். கம்பெனியில் மிச்சம் கிடந்த மெல்லிய வயர் காரில் இருந்தது. நீளம் போதவில்லை, ஷீட்டுக்கு அடியில் ஒரு இடத்தில் முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினேன். ஒரு ஃபேன், ஒரு பல்பு, ஒரு டிவி, தையல் மெஷின். இதற்கு இது போதும். கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

நாற்பது நிமிடம். மயிலாக்கா மோர் கொடுத்தார். வேலை முடிந்தது.

மார்ச் 3, ஞாயிறு

சுகந்தி மேடம் போனில்: "விறகடுப்பு மட்டும் படத்துல வந்துறக் கூடாது சார். தீ ரிஸ்க்கு."

தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த இன்டக்‌ஷன் அடுப்பு வீட்டில் பிரிக்காமலே கிடந்தது. அம்மா அதைத் தொடமாட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். விறகடுப்பை, ஆடு கட்டும் குடிசையான ஆட்டுச்சாளைக்குப் பின்னால் புளியமரத்தடியில் வைக்கச் சொன்னேன்.

"நெருப்பே காணோமுங், ஆனா கொதிக்குதுங்" என்று மயிலாக்கா சிரித்தார். விஞ்ஞானம் என்றேன். தீ ரிஸ்க் நீங்கியது.

மார்ச் 10, ஞாயிறு

படம் எடுக்கும் நாள்.

கொடியில் ஒரு சேலை, இரண்டு லுங்கி, ஒரு பாவாடை. அப்பா தன் கையாலேயே எடுத்துச் சுருட்டினார். அவர் துணி மடித்து நான் பார்த்ததில்லை. கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி, தையல் மெஷினுக்கு மேலே தார்ப்பாய் போட்டு, பீரோவுக்கு முன்னால் உர மூட்டைகளையும் காய்ந்த தென்னமட்டையையும் அடுக்கினோம். சாமி படத்தைக் கழற்றியபோது சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. அதன்மேல் ஒரு சல்லடையை மாட்டினேன். அழகாக இருந்தது.

ஆறுச்சாமியண்ணனே மூட்டை தூக்கிக் கொடுத்தார். தன் வீட்டைச் சாமான் அறையாக்குவதில் அவருக்கிருந்த சுறுசுறுப்பு எனக்கில்லை.

எல்லாம் முடிந்ததும் மயிலாக்கா கேட்டார்: "நாங்க எங்கீங் நிக்கறது?"

அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதை யோசிக்கவில்லை.

"வாய்க்கால் பக்கம் போய் உக்காருங்க. கூப்பிடறோம்" என்றேன்.

போனார்கள். படம் எடுக்க ஆறு நிமிடம். பிறகு அப்பா புளியமரத்தடியில் கோழி பார்க்கப் போனார், நான் ஆபீஸ் போனில் மாட்டிக்கொண்டேன். அவர்களைக் கூப்பிட இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெயில்தான். பழகியவர்கள்.

மார்ச் 20, புதன்

பாலிசி மின்னஞ்சலில் வந்தது. பதினொரு பக்கம். அப்பா பிரிண்ட் எடுத்துப் பூஜை அறையில் வைத்தார். கட்டடம், மோட்டார், புல்வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் மெஷின், ஏசி, இரண்டு கட்டில். எல்லாம் அட்டவணையில் உண்டு.

மார்ச் 24, ஞாயிறு

ஆறுச்சாமியண்ணன் புகார்: "அந்த அடுப்பப் போட்டாக்கா பீஸ் போயிருதுங் தம்பி. நேத்து நாலு வாட்டி. அவ சோறாக்கறதுக்குள்ள நான் பீஸ் கட்டி ஓஞ்சு போறனுங்."

மோட்டார் ரூமில் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். தலைமுடி மாதிரி கம்பி போட்டிருக்கிறார். அப்புறம் போகாமல் என்ன செய்யும். கேபிளில் இருந்து நாலைந்து இழையை உருவி முறுக்கிப் போட்டேன். மாலை ஐந்து மணிக்குள் கோவை திரும்ப வேண்டும், வாராவாரம் இதே பஞ்சாயத்தை யார் கேட்பது.

இனி போகாது.

மார்ச் 31, ஞாயிறு

போகவில்லை. அடுப்பும் மிக்சியும் சேர்ந்தே ஓடுகிறதாம். நான் வைத்தால் வைத்ததுதான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வெள்ளைக் கோழி, புளியமரத்தடி விறகடுப்புக்குள் ஏறி அடைகாக்கிறது. அடியில் எட்டு முட்டை. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, குழுவில் படம் போட்டார். நாற்பது கைகூப்பு.

மயிலாக்கா: "தம்பி, சமையல் பண்ணையில ஒரு நாத்தம் வருதுங். பிளாஸ்டிக் கருகறாப்ல."

"எலி செத்திருக்கும்கா. இல்லைன்னா புது அடுப்பு, மொதல்ல அப்படித்தான் வரும்."

"எலி நாத்தம் எனக்குத் தெரியாதுங்களா?" என்று சிரித்துக்கொண்டே போனார். ஏணி எடுத்து மேலே பார்த்திருக்கலாம். ஏணி தென்னந்தோப்பின் அந்தக் கோடியில் இருந்தது.

ஏப்ரல் 16, செவ்வாய்

காலை 11.20. ஆபீஸில் இருக்கிறேன். அப்பா போன். தோட்டத்தில் தீ. கிளம்புகிறேன்.

ஏப்ரல் 17, புதன்

உயிருக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

கீழ் அறை முழுக்கப் போயிற்று. ஷீட் வெடித்துச் சிதறியிருக்கிறது. மோட்டார் ரூம் பாதி. மாடிக்குப் புகைதான். மயிலாக்கா குழம்பைக் கொதிக்க விட்டுவிட்டு ஆட்டை மாற்றிக் கட்டப் போயிருக்கிறார். திரும்பிப் பார்க்கும்போது கூரைக்கு அடியிலிருந்து எரிந்து விழுந்திருக்கிறது. கீழே தென்னமட்டை. மார்ச் பத்தாம் தேதி அடுக்கியது, எடுக்கவே இல்லை.

தையல் மெஷினின் இரும்பு மட்டும் நிற்கிறது. பீரோ கறுத்து வயிறு உப்பியிருக்கிறது. அதற்குள் ஊர்க்காரர்கள் தைக்கக் கொடுத்த பதினான்கு ஜாக்கெட் துணி இருந்ததாம்.

ஆறுச்சாமியண்ணனின் இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. மோட்டார் ரூமுக்குள் நுழைந்து புல்வெட்டும் மெஷினையும் மருந்தடிக்கும் மெஷினையும் இழுத்துப் போட்டிருக்கிறார். தன் பீரோவை அல்ல, எங்கள் மெஷினை.

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க? அதுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்குதே" என்றேன்.

"அட, அது நெனப்பே வரலீங் தம்பி" என்றார்.

இரவு எங்கே தங்கினீர்கள் என்று கேட்டேன். ஆட்டுச்சாளையில். மாடி ரூம் சாவி அப்பாவிடம் இருக்கிறது. அப்பா எடுத்துக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மோட்டார் ரூம் போர்டிலிருந்து அந்த அறையின் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி கார் டிக்கியில் வைத்தேன். திறந்த இடம், தூசி படியும்.

ஏப்ரல் 19, வெள்ளி

அப்பா டைனிங் டேபிளில் திட்டம் போட்டார். மில் ஸ்டிரைக் காலத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போல.

"இலவசக் கரண்ட்டுல இழுத்தது வெளிய வந்தா கிளெய்மும் போச்சு, கேசும் வரும். அதனால அடுப்பு. மயிலா வெறகடுப்ப அணைக்காம போயிட்டா. முடிஞ்சது."

"அவங்க அங்க தங்கறதே இல்லைன்னு எழுதியிருக்கோம்ப்பா."

"தங்கலடா. தெனக்கூலிக்கு வந்தவ, மத்தியானச் சோறு ஆக்குனா."

"அப்புறம் அவங்க எங்க இருப்பாங்க?"

"சர்வேயர் வந்து போற வரைக்கும் அங்க இருக்கக் கூடாது. கிளெய்ம் முடியற வரைக்கும். அப்பறம் பாத்துக்கலாம்."

அப்பாவின் 'அப்பறம்' எது என்று எனக்குத் தெரியும். பிப்ரவரி பதினொன்றாம் தேதி 'அப்பறம்' இன்னும் வரவில்லை.

மயிலாக்காவுக்கு அப்பாவே போனில் பாடம் சொல்லிக் கொடுத்தார். மூன்று முறை ஒப்பிக்க வைத்தார். ஸ்பீக்கரில் கேட்டது. மூன்றாவது முறை திக்காமல் சொன்னார். நான் இடையில் பேசியிருக்கலாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் அருள்தாஸ் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குடை, டார்ச், ஒரு டிபன் பாக்ஸ். எதையும் கேட்பதற்கு முன் இரண்டு முறை சுற்றி வந்தார். எனக்கு எரிச்சல். பார்க்க என்ன இருக்கிறது, எரிந்துவிட்டது.

மயிலாக்கா ஒப்பித்தார்: "அடுப்ப அணைக்காம ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிட்டனுங். என் தப்புதானுங்."

"வெறகடுப்பாம்மா?"

"ஆமாங்."

"அடுப்பு எங்க இருக்குது?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் மயிலாக்கா கை காட்டிவிட்டார். அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை. எல்லோரும் புளியமரத்தடிக்குப் போனோம். அடுப்புக்குள் வெள்ளைக் கோழி, சர்வேயரைப் பார்த்துக் கொத்த வந்தது.

அருள்தாஸ் குனிந்து பார்த்தார். "எத்தன நாளா அடை உக்காந்திருக்குதுங்க?"

கோழி விஷயத்தில் மயிலாக்காவுக்குப் பொய் வராது. "இன்னையோட பதினாறு நாளுங். வர்ற வெள்ளிக்கெழம பொரிச்சுருமுங்."

"தீப்பிடிச்சு எத்தன நாளாச்சு?"

"அஞ்சு நாளுங்."

சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா வானத்தைப் பார்த்தார். காதில்லாத கோழி எங்கள் கிளெய்மை அடைகாத்து முடித்துவிட்டது.

மோட்டார் ரூமுக்குத் திரும்பினோம். அருள்தாஸ் டார்ச் அடித்தார். "போர்டுல ஒரு ஃபியூஸ் கட்டை கொறையுதே."

"எரிஞ்சு போயிருக்கும்" என்றார் அப்பா.

"பீங்கான் எரியாதுங்க சார்."

சுற்றி வரும்போதே கருகிய இன்டக்‌ஷன் அடுப்பை அவர் பார்த்திருந்தார். சுவரில் கருகி ஒட்டியிருந்த வயர்த் துண்டை விரலால் உருட்டிப் பார்த்தார். "இவ்வளவு மெல்லிசு வயர்ல கரண்ட் அடுப்பு ஓட்டியிருக்காங்க. ஃபியூஸ் ஒழுங்கா இருந்திருந்தா கரண்ட் போயிருக்கும், வீடு தப்பிச்சிருக்கும். யாரு இழுத்தது இது?"

இந்த இடத்தில் அப்பா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. முப்பத்தொரு வருட நிர்வாக அனுபவம். "ஆறுச்சாமிதான். எங்களுக்குத் தெரியாம மோட்டார்ல இருந்து இழுத்திருக்கான். இப்பத்தான் எங்களுக்கே தெரியுது."

ஆறுச்சாமியண்ணன் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த மருந்துக் கட்டைப் பார்த்தார்.

அருள்தாஸ் எழுதினார். எட்டிப் பார்த்தேன்: 'பயிற்சியில்லாத ஆள் செய்த வேலை.'

எனக்குக் கோபம் வந்தது. பயிற்சியில்லாத ஆளாம். நீள அகலம் பார்த்துக் கணக்குப் போட்டு இழுத்தது. அடுப்பைச் சேர்த்தது பிற்பாடு. இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை, காரில் போய் உட்கார்ந்தேன். டிக்கியில் ஏதோ உருண்டு சத்தம் கேட்டது.

ஏப்ரல் 24, புதன்

அப்பா ஒரு தாள் தயாரித்திருக்கிறார். ஆறுச்சாமியாகிய நான் உரிமையாளர் அறியாமல் மின்சாரம் எடுத்தேன், இத்யாதி. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து, அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும்.

மதியம் ஆறுச்சாமியண்ணன் எனக்குப் போன் செய்தார். மூன்று வருடத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது ஃபியூஸுக்கு மட்டும்தான்.

"தம்பிங், அய்யா தாளுல கையெழுத்துக் கேக்கறாருங். போட்டுர்றனுங். அதொண்ணும் இல்ல. போட்டா நாங்க இங்கயே இருந்துக்கலாமுங்களா?"

"இல்லண்ணா. அங்க யாரும் தங்கறதில்லைன்னு..."

"செரிங்."

பின்னால் ஆடு கத்தியது. அதை அதட்டிவிட்டுச் சொன்னார்:

"அப்ப வேற தோட்டந்தானுங் தேடோணும். கரண்ட் திருடுனவன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனா எவன் தம்பி உள்ள உடுவான்? பக்கத்துல கேட்டனுங். 'தீ வெச்ச ஆளுகளா'ன்னாங்க."

நான் மீட்டிங் இருக்கிறது என்று சொன்னேன். மீட்டிங் எதுவும் இல்லை.

அவருக்குத் தெரியும். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்ததே அவர்தான். நான் ஃபியூஸ் கம்பி முறுக்கும்போது பக்கத்தில் நின்றதும் அவர்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுத்திருப்பேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

லீவு போட்டேன். பொள்ளாச்சியில் அருள்தாஸின் ஆபீஸ், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை. மேசையில் ஃபியூஸ் கட்டையை வைத்தேன்.

அவர் எடுக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடி ஓரமாக வைத்தார். "எங்க இருந்துது?"

"கார் டிக்கியில."

"அஞ்சு நாளா?"

"பத்து நாளா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

இப்போதுதான் கையில் எடுத்தார். முறுக்கிய இழைகளை எண்ணினார். கம்பி உருகினால் வரும் கறுப்பு கட்டையில் இல்லை. கூரை எரிந்து விழுந்தபோதும் கம்பி அசையவில்லை. அவ்வளவு உறுதியாக வைத்திருக்கிறேன்.

"இது ஃபியூஸ் கம்பியே இல்லீங்களே."

"கேபிள் இழை. நான்தான் போட்டேன். வயர் இழுத்ததும் நான்தான். அந்த அடுப்பக் கொடுத்ததும் நான்தான். அவங்க மூணு வருசமா அங்கதான் குடியிருக்காங்க. பாரத்துல நான்தான் இல்லைன்னு எழுதினேன்."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா, நீங்க வந்தது?"

"தெரியும். சாயந்திரம் தெரியும்."

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. ரிப்போர்ட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.இ., எலெக்ட்ரிக்கல்."

"முதல் வகுப்பா?"

"டிஸ்டிங்ஷன்."

"பயிற்சியில்லாத ஆளுன்னு எழுதியிருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அந்த வரியை அடித்தார். "தப்பு. மாத்திடறேன்."

என் கையாலேயே எழுதச் சொல்லி ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தார். தீக்கான காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பக்கத்திலேயே படிப்பு. கம்பெனி ரிப்போர்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் படிப்பைப் போட்டுப் பழகிய கை.

திரும்பும் வழியில் மயிலாக்கா போன்: "ஏழு பொரிச்சிருக்குதுங் தம்பி. ஒண்ணு கூமுட்டையாப் போச்சுங்." சொன்ன நாளில் சரியாக. என் கணக்கைவிட அவர் கணக்கு மேல்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அப்பா பேசவில்லை. கையெழுத்துத் தாள் கிழிபட்டுக் குப்பைக்கூடையில் கிடந்தது. மாடி ரூம் சாவியை நானே எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"வேண்டாமுங் தம்பி" என்றார் மயிலாக்கா. "இன்னைக்கு மேல ஏறுனா நாளைக்கு எறங்கச் சொல்லுவீங்க. சாளையே போதுமுங்."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் குத்தியது.

மே 19, ஞாயிறு

கடிதம் வந்தது. கிளெய்ம் நிராகரிப்பு. குடியிருப்பவர்களை மறைத்தது, விதிமீறிய மின் இணைப்பு, தவறான தகவல். மின்வாரிய அபராதம் தனியாக. பாலிசி பூஜை அறையிலிருந்து இறங்கிப் பழைய பேப்பரோடு சேர்ந்துவிட்டது.

அப்பா மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் வாக்கியம் பேசினார்: "உன்னப் படிக்க வெச்சதுக்கு."

வாக்கியம் அவ்வளவுதான். முடிக்கவில்லை. தேவையுமில்லை.

ஜூன் 2, ஞாயிறு

போகிறார்கள். ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டம். அந்த ஓனரம்மா அறைக்குக் கதவு எண் வாங்கி வைத்திருக்கிறாராம். "கேஸு புக்குகூட எம்பேர்லயே போடலாம்னாங்கங்" என்று மயிலாக்கா இரண்டு முறை சொன்னார்.

நான் ஒரு தையல் மெஷின் வாங்கிப் போயிருந்தேன். ஆறுச்சாமியண்ணன் வாங்கி வண்டியில் ஏற்றினார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

"தம்பி, இன்னொண்ணு வேணுமுங். எங்களால தீப்புடிக்கலைன்னு ஒரு தாளுல எழுதிக் குடுங். அங்கயும் யாராச்சும் கேப்பாங்கல்லங்" என்றார் மயிலாக்கா.

எழுதினேன். மூன்று வரி. நான் எழுதியதிலேயே மிகச் சின்ன ரிப்போர்ட், தவறு இல்லாத ரிப்போர்ட்டும் அதுதான். மயிலாக்கா படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, நாலாக மடித்து, புது மெஷினின் டிராயருக்குள் வைத்து மூடினார்.

"பாத்துப் போய்ட்டு வாங் தம்பி" என்றார். போவது அவர். வாய்ப் பழக்கம்.

கட்டு அவிழ்ந்த கையால் ஆறுச்சாமியண்ணன் வண்டியின் பின்கதவைச் சாத்தினார். உள்ளங்கையில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

வெண்டை காய்ந்துவிட்டது. குஞ்சுகளில் மூன்றைக் கீரி கொண்டுபோயிற்று. அப்பா ஓய்வுபெற்றோர் குழுவில் சூரிய உதயம் படம் போட்டார். பதினொரு கைகூப்பு.

ஜூன் 23, ஞாயிறு

சுகந்தி மேடம் மறுபடி வந்தார். வேறு கம்பெனி, புதுப் பாரம். "பழசெல்லாம் மறந்துருங்க சார். இவங்க அவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க."

ஆனாலும் அந்தக் கேள்வி இருந்தது. ஏழாவது. கட்டடத்தில் யாராவது தங்குகிறார்களா?

அப்பா என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்து எழுதினேன்: யாரும் தங்குவதில்லை.

படம் எடுக்க மொபைலோடு கீழே இறங்கினேன். கொடி இரண்டு தென்னைக்கும் நடுவே காலியாகக் கிடந்தது. எடுத்துச் சுருட்ட ஒரு துணியும் இல்லை. ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது.